யூஸ்நெட் சர்வர் உள்ளே விட மறுக்கிறதா? முனையத்திலிருந்தே காரணத்தைக் கண்டறியும் வழி

செய்திக்குழு படிக்கும் நிரல் "உள்நுழைய முடியவில்லை" என்று ஒரே வரியில் கைவிரித்ததும், பெரும்பாலோர் முதலில் கடவுச்சொல்லை மாற்றப் போகிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். யூஸ்நெட் என்பது செய்திக்குழுக்களில் உரையாடும் பழைய இணைய வலை; அதன் சர்வர் ஒவ்வொரு கட்டளைக்கும் மூன்று இலக்க எண்ணோடுதான் பதில் சொல்கிறது. எங்கே தடை, யார் பக்கம் தவறு என்பதெல்லாம் அந்த எண்ணிலேயே இருக்கிறது. நிரல் எண்ணைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நமக்குப் பொதுவான ஒரு மன்னிப்பை மட்டும் காட்டுகிறது. ஆகவே நிரலை ஓரமாக வைத்துவிட்டு, சர்வரோடு நாமே நேரடியாகப் பேசிப் பார்ப்போம்.

2024 பிப்ரவரி 22 அன்று கூகுள் குரூப்ஸ் யூஸ்நெட்டுக்கான ஆதரவை நிறுத்தியது. உலாவியிலேயே படித்தும் எழுதியும் வந்தவர்கள் அதன்பின் உண்மையான செய்திச் சர்வரில் கணக்குத் தொடங்க வேண்டியதாயிற்று. பயனர்பெயர், போர்ட் எண் (சர்வரில் எந்தச் சேவைக்கு இணைகிறோம் என்று காட்டும் எண்), குறியாக்கம் எல்லாம் அவர்களில் பலருக்குப் புதியவை. அவர்களையும், சிறிய அளவில் சொந்தமாகச் சர்வர் நடத்துபவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். முனையத்தில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

தேவையான கருவி

குறியாக்க இணைப்புகளைச் சோதிக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரல் போதும். லினக்ஸில் பெரும்பாலும் முன்பே இருக்கும். மேக்கில் அதே கட்டளைப் பெயரில் இருப்பது லிப்ரேஎஸ்எஸ்எல்; சில விருப்பங்கள் அதில் வேறுபடலாம். பழைய கையேடுகள் டெல்நெட்டைச் சொல்லும். ஆனால் விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே அது இயல்பாக இயக்கப்பட்டிருப்பதில்லை. மேக்கில் ஹை சியரா பதிப்போடு நீக்கப்பட்டுவிட்டது. அதைவிட முக்கியமான குறை, டெல்நெட்டில் தட்டும் கடவுச்சொல் வழியெங்கும் திறந்த கடிதமாகப் போகும். குறியாக்கம் இல்லாத போர்ட் 119-இல் உண்மையான கடவுச்சொல்லைச் "சோதனைக்காகத்தானே" என்று தட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அடிப்படைக் கட்டளை இது:

ஓபன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட் -கனெக்ட் சர்வர்பெயர்:563 -சிஆர்எல்எஃப்

யூஸ்நெட் சர்வர்கள் பேசும் நெறிமுறை என்என்டிபி. 563 என்பது தொடக்கத்திலிருந்தே குறியாக்கம் செய்யப்படும் என்என்டிபி இணைப்புக்கான போர்ட். கடைசியில் உள்ள -சிஆர்எல்எஃப் விருப்பத்தை விட்டுவிடாதீர்கள். ஏன் என்பது கீழே வரும். எல்லாம் சரியாக இருந்தால், சர்வரின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழின் விவரங்கள் ஓடி முடிந்ததும் 200 அல்லது 201 என்று தொடங்கும் வரவேற்பு வரி வரும். 200 என்றால் எழுதவும் அனுமதி உண்டு, 201 என்றால் படிக்க மட்டும். இந்த நிலை லாகினுக்குப் பின் மாறக்கூடும், ஆகவே 201-ஐக் கண்டு சோர வேண்டாம்.

நல்ல உரையாடல் இப்படி இருக்கும்:

ஆத்இன்ஃபோ யூசர் கபிலன்
381 (கடவுச்சொல்லைக் கொடு)
ஆத்இன்ஃபோ பாஸ் உங்கள்கடவுச்சொல்
281 (ஏற்றுக்கொண்டேன்)

இந்த இரண்டு கட்டளைகளையும் அவற்றின் பதில் எண்களையும் வரையறுப்பது 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4643 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவண வரிசை). என்என்டிபி நெறிமுறையே 1986-இல் ஆர்எஃப்சி 977 ஆக வந்தது. இருபதாண்டு இடைவெளியில் எண்களின் பொருள் கொஞ்சம் மாறியிருக்கிறது, அந்த மாற்றத்தால்தான் கீழே ஓரிடத்தில் குழப்பம் வரும். இனி அறிகுறிகளைப் பார்ப்போம்.

அறிகுறி: இணைப்பே கிடைக்கவில்லை

உடனே "மறுக்கப்பட்டது" என்று வந்தால் அந்தக் கணினி உயிரோடு இருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்க யாருமில்லை. நெடுநேரம் காத்திருந்து காலாவதியானால் நடுவில் ஏதோ ஒரு தடுப்புச்சுவர் பொட்டலங்களை விழுங்குகிறது. அலுவலக இணைப்புகளில் இது சாதாரணம். பெயரே தெரியவில்லை என்றால் எழுத்துப்பிழை. மூன்றிலும் உங்கள் கடவுச்சொல் இன்னும் பேச்சுக்கே வரவில்லை.

அறிகுறி: இணைந்துவிட்டது, ஆனால் திரை மௌனமாக இருக்கிறது

டெல்நெட் கொண்டு 563-க்குப் போனவர்களுக்கு நேர்வது இது. அந்தப் போர்ட்டில் சர்வர் முதலில் பேசாது. குறியாக்கக் கைகுலுக்கலை நீங்கள் தொடங்க வேண்டும் என்று அது காத்திருக்கிறது; நீங்களோ வரவேற்பு வரும் என்று காத்திருக்கிறீர்கள். ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு மாறினால் தீர்ந்தது.

தலைகீழான தவறும் உண்டு. ஓபன்எஸ்எஸ்எல்லை 119-க்கு அனுப்பினால் "ராங் வெர்ஷன் நம்பர்" என்ற பிழை வரும். டிஎல்எஸ் (குறியாக்க நெறிமுறை) பதிப்பில் ஏதோ பொருந்தாமை என்று எண்ணி அமைப்புகளைத் தோண்டுவார்கள். உண்மையில் சர்வர் சாதாரண எழுத்தில் "200 வருக" என்று சொல்லியிருக்கிறது. ஓபன்எஸ்எஸ்எல் அதைக் குறியாக்கப் பதிவாகப் படிக்க முயன்று தடுமாறியிருக்கிறது. 119 வழியாகத்தான் போக வேண்டுமானால் கட்டளையோடு -ஸ்டார்ட்டிஎல்எஸ் என்என்டிபி என்று சேருங்கள். அது முதலில் சாதாரணமாகப் பேசி, சர்வர் 382 என்று இசைந்ததும் குறியாக்கத்துக்கு மாறும். 580 வந்தால் அந்தச் சர்வரால் இப்போது குறியாக்கத்தைத் தொடங்க முடியவில்லை என்று பொருள்.

அறிகுறி: சான்றிதழ் பற்றிய புகார்

விவரங்களின் இறுதியில் வரும் சரிபார்ப்பு எண்ணைப் பாருங்கள். 0 என்றால் நலம். 10 என்றால் சான்றிதழ் காலாவதி. 18 என்றால் தானே கையெழுத்திட்டுக்கொண்ட சான்றிதழ். 20, 21 வந்தால் பெரும்பாலும் சர்வர் இடைநிலைச் சான்றிதழை அனுப்பத் தவறியிருக்கிறது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. எஸ்_கிளையன்ட் தானாகச் சர்வரின் பெயரைச் சான்றிதழோடு ஒப்பிடுவதில்லை. வேறு பெயருக்கு வழங்கிய சான்றிதழாக இருந்தாலும் 0 என்று சொல்லிவிடும். உங்கள் செய்தி நிரலோ பெயரையும் பார்த்து மறுத்துவிடும். "கையால் சோதித்தால் வேலை செய்கிறது, நிரலில் இல்லை" என்ற புகாருக்கு இது ஒரு காரணம். -வெரிஃபை_ஹோஸ்ட்நேம் விருப்பத்தோடு சர்வர் பெயரைக் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். பெயர் பொருந்தாவிட்டால் 62 என்ற எண் வரும்.

அறிகுறி: கட்டளை தட்டினால் பதில் இல்லை, அல்லது இணைப்பு தானாக முறிகிறது

என்என்டிபியில் வரி முடிவு என்பது இரண்டு குறிகள் சேர்ந்தது. லினக்ஸ் முனையம் ஒன்றைத்தான் அனுப்பும். சில சர்வர்கள் பொறுத்துக்கொள்ளும்; சில, வரி இன்னும் முடியவில்லை என்று எண்ணிக் காத்துக்கொண்டே இருக்கும். -சிஆர்எல்எஃப் அந்தக் குறையைத் தீர்க்கிறது.

முறிவுக்குக் காரணம் வேறு. எஸ்_கிளையன்ட்டில் பெரிய எழுத்து 'க்யூ' வரியின் முதலில் வந்தால், அது சர்வருக்குப் போகாது. கருவியே அதைத் தனக்கான வெளியேறும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். பெரிய எழுத்து 'ஆர்' முதலில் வந்தால் இணைப்பின் குறியாக்கத்தை மறுபடி பேசித் தீர்க்க முயலும். 'க்விட்' கட்டளையைப் பெரிய எழுத்தில் தட்டினால் சர்வரின் 205 விடைபெறும் வரி வராமல் போவது இதனால்தான். லாகின் கட்டளைகள் 'ஏ' எழுத்தில் தொடங்குவதால் தப்பிக்கின்றன. ஆனால் லாகினுக்குப் பின் ஒரு மறுமொழியை அனுப்பிப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள்: அதில் 'ரெஃபரன்சஸ்' என்ற தலைப்பு வரி இருக்கும், அது பெரிய 'ஆர்' எழுத்தில் தொடங்கும், அங்கே சோதனை சிதறும். சான்றிதழைப் பார்த்து முடித்ததும் -கொயட் விருப்பத்தைச் சேர்த்து மறுபடி இணையுங்கள். இந்த எழுத்துகளுக்கான சிறப்புப் பொருள் நீங்கிவிடும்.

அறிகுறி: பயனர்பெயர் கொடுத்ததுமே 483

குறியாக்கம் இல்லாமல் கடவுச்சொல் கேட்க மாட்டேன் என்று சர்வர் சொல்கிறது. இது நல்ல சர்வர். 563-க்குப் போங்கள், அல்லது ஸ்டார்ட்டிஎல்எஸ் பயன்படுத்துங்கள்.

இதை முன்கூட்டியே அறியவும் வழி உண்டு. இணைந்ததும் 'கேப்பபிலிட்டீஸ்' என்று தட்டுங்கள். 101 எண்ணோடு ஒரு பட்டியல் வரும். அதில் 'ஆத்இன்ஃபோ' வரிக்குப் பக்கத்தில் 'யூசர்' என்ற சொல் இருந்தால் பயனர்பெயர், கடவுச்சொல் வழி திறந்திருக்கிறது. 'ஆத்இன்ஃபோ' மட்டும் தனியாக நின்றால், அந்த வசதி எனக்குத் தெரியும், ஆனால் இப்போதைய நிலையில் அனுமதிக்க மாட்டேன் என்று பொருள். குறியாக்கத்துக்குப் பின் அதே கட்டளையை மறுபடி கொடுத்து இரண்டு பட்டியல்களையும் ஒப்பிடுங்கள்.

அறிகுறி: 481, 482 அல்லது 502

இன்றைய வரையறைப்படி 481 என்றால் பயனர்பெயரோ கடவுச்சொல்லோ தவறு. எது தவறு என்று சர்வர் சொல்லாது, சொல்லவும் கூடாது. 482 என்றால் கட்டளைகளின் வரிசை தவறு, அதாவது பயனர்பெயர் கொடுக்காமல் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டீர்கள். 502 என்றால் இந்தக் கட்டளை இப்போது செல்லாது. ஏற்கெனவே உள்நுழைந்துவிட்டுத் திரும்பவும் முயல்பவர்களுக்கும் இதே எண் வரும்.

பழைய சர்வர்களிடம் இந்த அகராதி செல்லாது. 2000-இல் வந்த ஆர்எஃப்சி 2980 விவரித்த வழக்கில் லாகின் நிராகரிப்புக்கே 482 என்ற எண்தான். அனுமதி இல்லை என்பதற்கு 502. பல சர்வர்கள் இன்னும் அந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. கட்டளை வரிசை சரியாக இருந்தும் 482 வந்தால் அதைத் தவறான கடவுச்சொல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 502-ஐப் பொறுத்தவரை எண்ணுக்குப் பின் வரும் சொற்களையும் படியுங்கள். ஒரே கணக்கில் அளவுக்கு மேல் இணைப்புகள் திறந்திருப்பதையும் சில சர்வர்கள் 502 என்றே சொல்கின்றன. அப்போது செய்தி நிரலை முழுவதும் மூடி, சில நிமிடம் பொறுத்து மறுபடி முயன்றால் போதும்.

வரவேற்பு வரியே 502 ஆக இருந்தால் விஷயம் வேறு: உங்கள் இணைய முகவரிக்கே அங்கே அனுமதி இல்லை. கடவுச்சொல்லைக் கொடுக்கும் கட்டம் வரைக்கும் போகவே விடமாட்டார்கள்.

அறிகுறி: கடவுச்சொல் கொடுத்தால் 501

501 என்பது இலக்கணப் பிழை. கடவுச்சொல்லில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். சர்வர் கட்டளையை இடைவெளிகளில் வெட்டித் துண்டாக்குவதை ஆர்எஃப்சி 4643 அனுமதிக்கிறது. மூன்று நான்கு சொற்களைக் கோத்துக் கடவுச்சொல் அமைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் யூஸ்நெட்டில் சொற்களுக்கு நடுவே இடைவெளி வேண்டாம், கோடு போடுங்கள். நகலெடுத்து ஒட்டியவர்கள் இறுதியில் ஒட்டிக்கொண்டு வந்த ஒற்றை இடைவெளியையும் தேடிப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: சொந்தச் சர்வரில், உள்ளிருந்து சோதித்தால் மட்டும் வினோதமான பதில்கள்

இனி வருவது ஐஎன்என் என்ற யூஸ்நெட் சர்வர் மென்பொருளை நடத்துபவர்களுக்கு. சர்வர் இருக்கும் கணினியிலேயே அமர்ந்து லோக்கல்ஹோஸ்டின் 119-க்கு இணைக்கிறீர்கள். வாசகர்களுக்கான அனுமதிகளை வைத்திருக்கும் ரீடர்ஸ்.கான்ஃப் கோப்பில் எழுதிய எதுவுமே நடக்கவில்லை. எல்லாக் கடவுச்சொல்லும் தவறு என்கிறது. வரவேற்பு வரியை நிதானமாகப் படியுங்கள். அதில் 'ட்ரான்ஸிட் மோட்' என்று இருந்தால் நீங்கள் தவறான ஆளோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஐஎன்என்னில் இரண்டு பணியாளர்கள். மற்ற சர்வர்களோடு கட்டுரை பரிமாறுவது ஐஎன்என்டி. வாசகர்களைக் கவனிப்பது என்என்ஆர்பிடி. ரீடர்ஸ்.கான்ஃப் இரண்டாமவருக்கு உரியது. யார் உங்களை வரவேற்பது என்பதை ஐஎன்என்டி, இன்கமிங்.கான்ஃப் கோப்பைப் பார்த்து முடிவு செய்கிறது. மென்பொருளோடு வரும் மாதிரிக் கோப்பிலேயே லோக்கல்ஹோஸ்ட் ஒரு கூட்டாளியாகப் பதியப்பட்டிருக்கும். ஆகவே உள்ளிருந்து வரும் உங்களை வாசகராக அல்லாமல் இன்னொரு சர்வராக அது நடத்துகிறது. 'மோட் ரீடர்' என்று தட்டுங்கள். வரவேற்பு வரி மாறி என்என்ஆர்பிடி வந்து நிற்கும். இதை லாகினுக்கு முன்பே செய்ய வேண்டும். ஸ்டார்ட்டிஎல்எஸ் அல்லது லாகினுக்குப் பின் கொடுக்கக் கூடாது என்பது நெறிமுறையின் அறிவுரை.

அறிகுறி: சொந்தச் சர்வரில், கடவுச்சொல் சரி என்று உறுதியாகத் தெரிந்தும் 481

வெளியிலிருந்து பார்ப்பதை நிறுத்திவிட்டு உள்ளே போக வேண்டிய கட்டம் இது. ஐஎன்என்னில் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது சிகேபாஸ்டபிள்யூடி என்ற தனிச் சிறு நிரல். என்என்ஆர்பிடி அதை அழைத்துப் பதிலைக் கேட்டுக்கொள்கிறது. அதை நாமே தனியாக ஓட்டலாம்: -எஃப் விருப்பத்தோடு கடவுச்சொல் கோப்பின் பாதை, -யு விருப்பத்தோடு பயனர்பெயர், -பி விருப்பத்தோடு கடவுச்சொல். சரியாக இருந்தால் 'யூசர்:' என்று தொடங்கிப் பெயரை அச்சிடும். கட்டளை வரியில் தரும் கடவுச்சொல் அந்தக் கணினியில் உள்ள மற்றவர்களின் செயல்பட்டியலிலும், உங்கள் கட்டளை வரலாற்றிலும் தெரியும். ஆகவே சோதனைக்கென்று ஒரு தற்காலிகக் கணக்கை உருவாக்கி அதை மட்டும் பயன்படுத்துங்கள்.

இந்தச் சோதனையை ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள) பயனராகச் செய்து "வேலை செய்கிறதே" என்று முடிவுகட்டாதீர்கள். சர்வர் ஓடுவது நியூஸ் என்ற பயனராக. அதே பயனராக மாறி ஓட்டுங்கள். ரூட்டாக வெற்றி, நியூஸாகத் தோல்வி என்றால் கடவுச்சொல் கோப்பைப் படிக்கும் உரிமை நியூஸுக்கு இல்லை. கோப்பின் உரிமையாளரையும் பயனர் குழுவையும் சரிசெய்தால் முடிந்தது.

நியூஸாக ஓட்டியும் தோல்வி என்றால் கோப்பைத் திறந்து, பெயருக்குப் பின் உள்ள சரத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். டாலர் குறிகளுக்கு நடுவே 'ஏபிஆர்1' என்று இருந்தால் குற்றவாளி அதுவே. பலரும் கடவுச்சொல் கோப்பை அப்பாச்சி வலைச் சர்வரோடு வரும் ஹெச்டிபாஸ்டபிள்யூடி நிரலைக் கொண்டு தயாரிக்கிறார்கள். அது இயல்பாகத் தருவது அப்பாச்சிக்கே உரிய எம்டி5 வடிவம். சிகேபாஸ்டபிள்யூடியோ கடவுச்சொல்லை மறைவடிவாக்கும் கணினியின் க்ரிப்ட் செயற்கூறை நம்பியிருக்கிறது, லினக்ஸின் க்ரிப்ட்டுக்கு அந்த வடிவம் தெரியாது. கோப்பு சரியாகத் தெரியும், கடவுச்சொல்லும் சரி, இருந்தும் ஒருபோதும் பொருந்தாது.

இதற்கு இணையத்தில் சொல்லப்படும் தீர்வு ஹெச்டிபாஸ்டபிள்யூடியை சிறிய எழுத்து -டி விருப்பத்தோடு ஓட்டுவது. அது பழைய க்ரிப்ட் வடிவத்தைத் தரும், லாகினும் வேலை செய்யும். நானும் ஒருமுறை அப்படியே செய்தேன். சில வாரம் கழித்து ஒரு பயனர், தன் கடவுச்சொல்லின் கடைசி எழுத்துகளை மாற்றித் தட்டினாலும் சர்வர் உள்ளே விடுகிறது என்று எழுதினார். முதலில் நம்பவில்லை, முனையத்தில் தட்டிப் பார்த்தேன், 281 வந்தது. அந்தப் பழைய வடிவம் முதல் எட்டு எழுத்துகளை மட்டுமே கணக்கில் எடுக்கிறது, மீதியை வெட்டிவிடுகிறது. பதினாறு எழுத்தில் கவனமாகக் கடவுச்சொல் அமைத்தவர்களுக்கு நான் எட்டு எழுத்துப் பாதுகாப்பையே கொடுத்திருந்தேன். அந்தப் பயனரின் கடிதம் வராதிருந்தால் எத்தனை நாள் அப்படியே ஓடியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். சோதனை என்றால் சரியான கடவுச்சொல் உள்ளே போகிறதா என்று பார்ப்பதோடு நிற்கக் கூடாது. தவறானது வெளியே நிற்கிறதா என்றும், கடைசி எழுத்தை மட்டும் மாற்றிய ஒன்றைக் கொண்டு பார்க்க வேண்டும்.

லினக்ஸில் சரியான வழி: 'ஓபன்எஸ்எஸ்எல் பாஸ்டபிள்யூடி -6' என்று ஓட்டினால் கடவுச்சொல்லை இருமுறை கேட்டு, எஸ்ஹெச்ஏ-512 வடிவில் ஒரு சரத்தைத் தரும். அதைப் பயனர்பெயர், முக்காற்புள்ளி, அதன்பின் சரம் என்று கோப்பில் ஒட்டுங்கள்.

சிகேபாஸ்டபிள்யூடி தனியாக வெற்றி பெற்றும் வெளியிலிருந்து 481 வருகிறதா? அப்படியானால் என்என்ஆர்பிடி அதை அழைக்கவே இல்லை, அல்லது வேறு கோப்போடு அழைக்கிறது. ரீடர்ஸ்.கான்ஃபில் பொருந்தும் தொகுதிகளில் கடைசியில் உள்ளதற்கே முன்னுரிமை. மேலே கவனமாக ஒரு தொகுதி எழுதிவிட்டு, அடியில் எல்லா முகவரிக்கும் பொருந்தும் பழைய தொகுதியை விட்டுவைத்தால் பழையதுதான் ஆளும்.

அறிகுறி: 281 வந்துவிட்டது, ஆனாலும் குழுக்கள் தெரியவில்லை

281 என்பது நீங்கள் யார் என்று சர்வர் ஒப்புக்கொண்டதற்கு அடையாளம். எதைப் படிக்கலாம் என்பது தனி முடிவு. 'குரூப்' கட்டளையோடு ஒரு குழுவின் பெயரைக் கொடுங்கள். நான் எப்போதும் சாக்.கல்ச்சர்.தமிழ் குழுவைத்தான் கொடுத்துப் பார்ப்பேன். தொண்ணூறுகளில் தமிழர்கள் நாடு கடந்து பேசிக்கொண்ட அந்தக் குழு 211 என்று திறக்கும்போது வரும் மகிழ்ச்சி தனி. 411 வந்தால் அந்தச் சர்வரில் அக்குழு இல்லை, அல்லது உங்கள் கணக்கின் கண்ணுக்குத் தெரியவில்லை. ஐஎன்என்னில் இது ரீடர்ஸ்.கான்ஃபின் அணுகல் தொகுதியைப் பொறுத்தது. அங்கேயும் பொருந்துவனவற்றில் கடைசித் தொகுதியே செல்லும்.

அறிகுறி: கையால் எல்லாம் சரி, நிரலில் மட்டும் தோல்வி

லாகின் என்பது ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனி. நிரல் மூன்று இணைப்புகளைத் திறந்தால் மூன்றிலும் அது உள்நுழைய வேண்டும். மேலும், பல நிரல்கள் சர்வர் 480 (உள்நுழைவு தேவை) என்று கேட்டால் மட்டுமே கடவுச்சொல்லைக் கொடுக்கும். பெயர் தெரியாதவருக்கும் சில குழுக்களைக் காட்டும் சர்வர் 480 சொல்வதே இல்லை. நிரலும் கடைசிவரை உள்நுழைவதில்லை. தண்டர்பேர்டில் சர்வர் அமைப்புகளுக்குள் இணையும்போதெல்லாம் அடையாளம் கேட்கும் தேர்வு ஒன்று இருக்கிறது, அதை இயக்குங்கள். எஸ்எல்ஆர்என் என்ற செய்தி நிரலில் 'ஃபோர்ஸ்_ஆதென்டிகேஷன்' என்ற மாறியை 1 ஆக்குங்கள். டின் நிரலைப் பெரிய எழுத்து -ஏ விருப்பத்தோடு தொடங்குங்கள்.

டின் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வீட்டுக் கோப்புறையில் உள்ள .நியூஸ்ஆத் கோப்பில் சர்வர் பெயர், கடவுச்சொல், பயனர்பெயர் என்பதே வரிசை. கை பழக்கத்தில் எல்லோரும் பயனர்பெயரை முன்னால் எழுதிவிடுகிறார்கள். மாற்றி எழுதிவிட்டு, கோப்பை நீங்கள் மட்டும் படிக்கும்படி உரிமை எண்ணை 600 ஆக்கிவிடுங்கள்.